அப்பாவுக்கு முன்னால் கேட்ட கேள்வி

மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்த நாளில், அம்மா விடிந்ததிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்கட வீட்டுக்குப் பொம்பிளை பாக்க ஆரும் வரேல்லை," என்றேன்.

"நீ சும்மா இரு. வாற ஆக்களுக்கு முன்னால வீடு ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கிறதே?"

ஆஸ்பத்திரி மாதிரித்தான் கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கவாதம் வந்து அப்பா படுத்துவிட்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சில்லை, சாப்பாடு மூக்குக் குழாயால். ஆனால் காது நல்ல கூர்மை, புத்தி அதைவிடக் கூர்மை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் அவருடைய கட்டிலைப் போட ஹோலைத் தவிர வேறு இடமில்லை. வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு சேவையில் அவரைப் பதிந்திருந்தோம். டொக்டர், பிசியோ, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறித் தினமும் வரும் நர்ஸ், இவர்களில் யார் எப்போது வருவது, யார் சொன்ன மருந்தை யார் மாற்றுவது என்பதையெல்லாம் அங்கே ஒரே ஆள் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்பு, ஒரு டொக்டர் சொன்னதை மற்ற டொக்டருக்கு விளங்கப்படுத்துவதிலேயே என் உயிர் போய்விடும்.

இப்போது அவர்களிடம் நர்ஸ்மார் போதவில்லை. எந்த வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். தேவை குறைவென்று பட்டால் எங்கள் நர்ஸ் கிழமைக்கு ஒருமுறைதான். இதை அம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நன்றாகத் தலையாட்டினார். பிறகு போய், சளி உறிஞ்சும் மெசினைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளினார். அப்பாவுக்குச் சவரம் செய்து, திருநீறு பூசி, பட்டுக்கரை வேட்டியைச் சுற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், திரும்பவும் போய் வீதியை எட்டிப் பார்த்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வந்தவர் கிருலப்பனையைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண். நேரே அப்பாவிடம் போய், "வணக்கம் அங்கிள்," என்றார். நோயாளியை விலக்கிவைத்துவிட்டு அவரைப் பற்றிக் கதைப்பது மரியாதையில்லை என்று, கதிரையைக் கட்டிலடியிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"வீட்டில வச்சுப் பாக்கிறதில என்ன கஷ்டம் இருக்கு, அன்ரி?"

"ஒரு கஷ்டமும் இல்லைப் பிள்ளை. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"இரவில நித்திரை?"

"ஓம், நல்லாப் படுப்பார்."

"நான் உங்களைக் கேட்டனான்."

"நானுந்தான்."

பச்சைப் பொய். "அம்மா கதிரையில இருந்தபடிதான் கண்ணயருறவ," என்று குறுக்கிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சளி அடைத்தது. முகம் கறுத்தது. அம்மா திரைச்சீலையை விலக்கி, மெசினை இழுத்து, கையுறை மாட்டி, தொண்டைக் குழாய்க்குள்ளால் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டார். நான் எழும்பி நின்றதுதான் மிச்சம்.

வந்தவர் அசந்துபோனார். "நர்ஸே தோத்துப் போவா, அன்ரி. இவ்வளவு வடிவாச் செய்யிறீங்கள். அப்ப நர்ஸ் கிழமைக்கு ஒருக்கா வந்தாலும் சமாளிப்பீங்கள்தானே?"

நான் பயந்தது அப்படியே வந்துவிட்டது. அம்மா மறைத்ததும் எங்களுக்கு எதிராகப் போனது, காட்டியதும் எதிராகப் போனது. அம்மா கையுறையைக் கழற்றப் பார்த்தார். பாதியில் சிக்கியதை அப்படியே விட்டுவிட்டார்.

"ஏலாது பிள்ளை," என்றார். "எனக்கு ஏலாது. இவர் இருமினாலே நெஞ்சு பதறுது. குளிக்கப் போகவும் பயமாக் கிடக்கு. நாரி உளைஞ்சு முதுகை நிமித்த ஏலாது. அந்த நர்ஸ் பிள்ளை நிக்கிற நேரம் மட்டுந்தான் நான் மூச்சு விடுறனான்."

கடைசியில் சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வந்தவர் அம்மாவின் கையைப் பிடித்து, நர்ஸ் தினமும் வருவார், அதற்குத் தான் பொறுப்பு என்றார். அதன் பிறகுதான் நான் அப்பாவைப் பார்த்தேன். முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதடியில் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அம்மா யாருக்காகப் பூசி மெழுகினார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நர்ஸ் இப்போதும் தினமும் வருகிறார். மதிப்பீட்டில் எங்களுக்கு வெற்றி. ஆனால் முன்பு சளி கட்டத் தொடங்கியதும் கையை நீட்டி அம்மாவைக் கூப்பிடும் அப்பா, இப்போது கூப்பிடுவதில்லை. நர்ஸ் வரும்வரை அடக்கிவைக்கப் பார்க்கிறார். மூச்சு இழுக்க இழுக்க வாசலைப் பார்த்தபடி கிடக்கிறார். அம்மா அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.