அந்த மஞ்சளை வைத்தது யார்?

அந்த ஸ்டோர் ரூமில் எந்த வாசனையும் இருக்காது. பட்டுக்கென்று ஒரு வாசனை உண்டே, அதுகூடக் கிடையாது. குளிர், டிஷ்யூ பேப்பர் சரசரப்பு, கையில் வெள்ளை கிளவுஸ்... ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் பழைய துணிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு.

ஒருநாள் டிராயரைத் திறந்தால் நம்ம காஞ்சிபுரம் பட்டு. அரக்குச் சிவப்பு, பச்சை பார்டர். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு அங்கே சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

முந்தானை ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் திட்டு. 'கறை, சுத்தம் செய்யவும்' என்று சீட்டு கட்டியிருந்தார்கள். பதறிப்போய் எங்கள் பிரிவுத் தலைவி மேடத்திடம் ஓடினேன். அது கறையில்லை, புதுப்புடவை கட்டுவதற்கு முன் ஓரத்தில் மஞ்சள் வைப்போம் என்று சொன்னேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, வைத்தது யார் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஊர் தெரியும், வழக்கம் தெரியும், கட்டினவள் பெயர் தெரியாது. பஸ்ஸில் போகும்போதும் சமைக்கும்போதும் அதே யோசனைதான். கல்யாணமா, சீமந்தமா... யார் இவள்?

அந்தச் சமயத்தில்தான் நம்ம ஊர் அரசு மியூசியத்தில் துணிப் பிரிவுக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. ஜெர்மனியில் வேலை நிரந்தரமாகும் நேரம். விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆனாலும் கட்டினவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்டுவைக்கும் வேலை இங்கேதானே முடியும்? ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு வந்த அண்ணன் வாலாஜாபாத் தாண்டும்போது கேட்டான்.

"நல்ல வேலைய வுட்டுட்டு வந்துக்கினு இருக்கியேம்மா... சரியா வரலன்னா என்னா பண்ணுவ?"

எனக்கும் அதே பயம்தான்.

சேர்ந்த புதிதில், பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அக்கா தன் கல்யாணப் புடவையை மியூசியத்துக்குக் கொடுக்க வந்தார். எனக்கு வந்த முதல் புடவை. கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம்மா. அன்னிக்கு மட்டும் குடேன், கட்டிக்கினு எடுத்தாந்துடறேன்."

ஜெர்மனி மேடம் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார். மியூசியத்துக்குள் வந்த பொருள் கல்யாணத்துக்கெல்லாம் போகாது. நல்லவேளை, நான் இன்னும் பதிவு செய்யவில்லை. புடவையைத் திருப்பிக் கொடுத்து, கல்யாணம் முடிந்ததும் கொண்டுவாருங்கள் என்றேன்.

தை போய் மாசியும் வந்தது. ஆளைக் காணோம். அவரை நம்பிக் கெட்டோமா என்றுகூடத் தோன்றியது. அண்ணன் முகத்தைப் பார்க்கவே சங்கடம்.

மாசிக் கடைசியில் வந்தார், கையில் ஒரு துணிப்பையோடு. பிரித்துப் பார்த்தால் கொசுவத்தில் பாயசக் கறை.

அந்தக் காலத்து நானாக இருந்தால் கிளவுஸைத் தேடியிருப்பேன். இப்போது கறையின் கதையைப் பதிவேட்டில் எழுதப் பேனாவைத்தான் தேடினேன். ஜெர்மனியில் இருக்கும் அந்தப் புடவைக்காரியை நினைத்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது, அவளிடம் இப்படி உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் போய்விட்டதே என்று.

பாயசத்தைக் கொட்டினது யாரு அக்கா என்று கேட்டேன்.

"மாப்ளதாம்மா... கைதவறிட்டாரு. அத எழுதிடாத, பாவம், புதுசு."

எழுதிவிட்டேன். பேரோடு.