நன்றி சொல்லாமல் எழ முடியாத மேசை

“வலை தைக்கிற வீட்டுப் பொண்ணு, பிரெஞ்சு மந்திரியோட வாழ்க்கைய எழுதப் போறியா? அந்தாளு உன்ன வாசப்படி தாண்டி உள்ள விடுவானா?”

காரைக்காலில் எங்கள் தெருவின் விசைப்படகு முதலாளி இப்படிக் கேட்டபோது ஏலம் முடிந்து கடற்கரை காய்ந்துகொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டு நடந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிரெஞ்சில் முதுகலை முடித்திருந்தேன். மிசியே கெர்வேல் என்கிற அந்த முன்னாள் மந்திரியைப் பற்றிப் பன்னிரண்டு அத்தியாயங்களைத் தமிழில் எழுதி முடித்திருந்தேன். பதின்மூன்றாவதுக்காகத்தான் இந்த ஒஸ்லோப் பயணம்.

கெர்வேல் பிரெஞ்சு மேற்குக் கடற்கரையின் சிறு துறைமுகத்தில் பிறந்தவர். இளம் வயதில் புதுச்சேரியில் தூதரக அதிகாரியாக மூன்று ஆண்டுகள் இருந்தார். ஊர் திரும்பி மேயரானார், நாடாளுமன்ற உறுப்பினரானார், மீன்வளத் துறை மந்திரியும் ஆனார். கடலின் அடித்தரையை வாரும் பெரிய வலைகளைத் தடைசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டு, அதனாலேயே சொந்த ஊரில் தோற்றார். பிறகு நார்வேக்குத் தூதராக வந்து, ஓய்வுபெற்று, இங்ரித் என்ற நார்வேப் பெண்ணை மணந்து ஒஸ்லோவிலேயே தங்கிவிட்டார். கடலுக்காகப் பதவியை இழந்த தைரியசாலி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பற்றிய பதின்மூன்றாம் அத்தியாயத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை மட்டும் அவர் இரண்டு முறை அடித்துத் திருப்பி அனுப்பினார். “ஒரு பத்தி போதும்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் சம்மதிக்காமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. புகைப்படங்களையும் கடிதங்களையும் தந்தபோது அவர் போட்ட நிபந்தனை அது.

வெள்ளி, பிற்பகல்.

கார்டர்மோன் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். விரைவு ரயில் வேண்டாம், சாதாரண ரயிலில் பாதி விலை என்று விடுதித் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள். நூற்றிருபது குரோனருக்குக் கொஞ்சம் மேலே ஆனது. வெளியே மூடுபனி. பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு வீடு வரும், ஒரு குதிரை வரும், பிறகு ஒன்றுமே இருக்காது. ரயில் நின்றுகொண்டிருக்க, நாடுதான் மெல்ல எங்களைக் கடந்து போவதுபோல் இருந்தது. லில்லெஸ்ட்ரோமில் கம்பளித் தொப்பி போட்டவர்கள் ஏறினார்கள். ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தின் சத்தத்துக்குப் பழகிய காதில் அந்த அமைதி தண்ணீர்போல் நிரம்பியது.

ஒஸ்லோ நிலையத்தில் அன்ரன் அண்ணை நின்றார். என் விடுதித் தோழிக்கு உறவு. யாழ்ப்பாணம் குருநகர்க்காரர், கத்தோலிக்கர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். நகரின் கிழக்கே புருசெத்தில், அடுக்குமாடியின் ஆறாம் மாடியில், அவர் மனைவி றெஜினா அக்கா கதவைத் திறந்தார்.

“வாங்கோ பிள்ளை. குளிரோ?”

“பரவால்லக்கா.”

“பரவால்லக்காவாம்! படத்தில கேட்ட தமிழ் மாதிரிக் கிடக்கு” என்றார் அண்ணை. காலணியைக் கழற்றியபடியே, “காரைக்கால் எண்டு சொன்னவை. அப்ப எங்கட வலையை அறுக்கிற ஆக்கள் நீங்கள்தான்” என்றார்.

“வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்க முதல் வழக்குப் பேசுறியளோ?”

“வழக்கில்லையப்பா, கதைக்கிறன். போன மாதமும் குருநகரில தம்பியின்ர வலை அறுந்து போச்சுது. உங்கட றோலர், அந்த இழுவைப் படகு, வந்து அள்ளிக்கொண்டு போட்டுது. அவன் ஒரு கிழமை தொழிலுக்குப் போகேல்லை.”

“எங்க அப்பாவும் அந்த மாதிரிப் படகுலதாண்ணே போறாங்க” என்றேன். மறைத்துவிட்டு அவர் வீட்டில் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சமையலறையில் புட்டுக் குழல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார்.

“சரி, சாப்பிடுவம். புட்டு ஆறினா அதுக்கும் காரைக்கால்காரர்தான் காரணம் எண்டு சொல்லுவன்.”

அன்றிரவு சன்னலோரம் படுத்திருந்தேன். அடுத்த பகுதியான எல்லிங்ஸ்ருட்டின் மாடி விளக்குகள் பனிக்குள் கரைந்து, நங்கூரம் போட்டு நிற்கும் படகுகள்போலத் தெரிந்தன. அவற்றில் எது அப்பாவின் படகு, எது அண்ணையின் தம்பியுடையது என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

சனி, காலை பதினோரு மணி.

டி-பானே என்கிற நகர ரயில் புருசெத்திலிருந்து கெர்வேலின் வீடு இருக்கும் மாயூர்ஸ்தூவெனுக்கு நேராகப் போகிறது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நகரத்தின் நடுவில் பூமிக்குள் இறங்கி, மேற்கே மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. நான் ஏறிய நகரமும் இறங்கிய நகரமும் ஒன்றுதானா என்று தோன்றியது. இங்கே பழைய கல்வீடுகள், இரும்புப் பூவேலை மாடங்கள், நடைபாதையெங்கும் மஞ்சள் இலைகள். இலைகள் விழும் சத்தம்கூடக் கேட்டது.

கெர்வேல் கதவைத் திறந்தார். குள்ளமான மனிதர், கழுத்தில் பட்டுத்துணி. “வணக்கம்! சாப்டாச்சா?” என்றார் தமிழில். புதுச்சேரி அவரிடம் விட்டுப்போனது இப்படிச் சில சொற்கள்தான். மற்றதெல்லாம் பிரெஞ்சில்.

முதல் ஒரு மணி நேரம் புகைப்படங்கள் காட்டினார். அதிபர்களோடு, அரசர்களோடு, ஒரு யானையோடு. “அட்டைக்கு இது. இடது பக்கத்திலிருந்து எடுத்தால் எனக்கு மூக்கு நன்றாக அமையும்.”

“பதின்மூன்றாம் அத்தியாயம், மிசியே?”

“ஒரு பத்தி போதும், மத்மொசெல். வாசகர்களுக்கு மீன் அலுத்துவிடும்.”

“என் வாசகர்களுக்கு அலுக்காது. அவர்கள் அதைப் பிடிக்கிறவர்கள்.”

அவர் சத்தமாகச் சிரித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு தயாராகிவிட்டது என்றார். தூதர்கள் கேள்வியிலிருந்து வெளியேறும் விதம் அதுதான் என்று புரிந்தது.

தொர்ஸ்க் என்ற வெள்ளை மீன், வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு. இங்ரித் என்னைத் தன் இடப்பக்கத்தில் உட்காரவைத்தார். “இங்கே இந்த நாற்காலிதான் மரியாதைக்குரியது. இவருக்கு அது தெரியாமல் போன கதையைச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்” என்றார் கெர்வேல்.

“சொல்லத்தான் போகிறேன். தேர்தலில் தோற்று இங்கே வந்த புதிது. முதல் பெரிய விருந்து. இவர் நாட்டில் வீட்டுக்காரியின் வலப்பக்கம்தானே முக்கிய விருந்தாளிக்கு? இங்கே இடப்பக்கம். இவர் தன்னை அவமதித்துவிட்டார்கள் என்று நினைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை. இந்த நாற்காலியில் இருப்பவர் எழுந்து சாப்பாட்டுக்கு நன்றி சொன்னால்தான் மற்றவர்கள் மேசையை விட்டு எழலாம். இவர் எழவில்லை. முப்பது பேர் காத்திருந்தோம். ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.”

“அவர் குடித்திருந்தார்” என்றார் கெர்வேல்.

“தூங்கினார்.” இங்ரித் என் பக்கம் திரும்பினார். “வழக்கமாக ஆண்கள்தான் பேசுவார்கள். இன்று நீங்கள்.”

இந்த ஒரு வாய்ப்பை விட்டால் அவர் காப்பி குடித்து, கை குலுக்கி, என்னை வழியனுப்பிவிடுவார். எழுந்தேன். பிரெஞ்சில் பேசினேன்.

“மீனுக்கு நன்றி. என் அப்பா மடி இழுக்கும் படகை ஓட்டுகிறவர். கடலின் தரையை வாரிக்கொண்டு வரும் வலை அது. அந்த மீனை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் தம்பி எதிர்க்கரையில் மீன் பிடிக்கிறார். எங்கள் பக்கத்துப் படகுகள் அவர் வலையை அறுத்துவிட்டன. அந்த வீட்டில் எனக்குப் புட்டு போட்டார்கள். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வலை வேண்டாம் என்று நீங்கள் உங்கள் ஊருக்குச் சொன்னவர். எப்படிச் சொன்னீர்கள்? அதற்காகத்தான் அந்த அத்தியாயம். தக் ஃபோர் மாத்தென்.”

சாப்பாட்டுக்கு நன்றி என்ற அந்த மூன்று சொற்களை ரயிலிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இனி எல்லாரும் எழலாம். கெர்வேல் எழவில்லை. சன்னலுக்கு வெளியே தேவதாரு ஒன்று பனிக்குள் மறைந்து, மறுபடி வந்தது.

“நான் சொல்லவே இல்லை” என்றார்.

இங்ரித் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆணை இரண்டு வருடம் என் மேசையில் கிடந்தது. விஞ்ஞானிகள் மூன்று முறை வந்து கெஞ்சினார்கள். தேர்தல் முடியட்டும் என்றேன். அந்த இடைவெளியில் என் அக்கா கணவர் கடன் வாங்கி, அடித்தரை வாரும் புதுப் படகு இறக்கினார். அதன் மூக்கில் மதுப் போத்தல் உடைத்து வெள்ளோட்டம் விட்டதே நான்தான். தடை வரப்போவது எனக்குத் தெரியும், மத்மொசெல். எல்லாம் தெரிந்தே உடைத்தேன். ஜெயித்தேன். அதன்பிறகு கையெழுத்திட்டேன். அதற்குள் காப்பாற்ற மீனே இல்லை. அடுத்த தேர்தலில் ஊர் என்னைத் தோற்கடித்தது, தடை செய்ததற்காக அல்ல. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக.”

“அக்கா கணவர்?”

“என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். இன்றுவரை.”

“இதை நான் எழுதலாமா?”

அவர் பட்டுத்துணியைத் தளர்த்தினார். “போதும்” என்றார் தமிழில். எது போதும் என்று புரியாமல் நின்றேன். அவரே பிரெஞ்சில் தொடர்ந்தார். “ஒளித்தது போதும். எழுதுங்கள். ஆனால் அட்டையில் அந்தப் படம்தான்.”

“மூக்குக்கு நான் பொறுப்பு” என்றேன். இங்ரித் அப்போதுதான் எழுந்தார்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி.

நகரசபைக் கட்டடத்தின் முன்னால் கடல் வந்து நிற்கிறது. சிறு படகு ஒன்று படித்துறையில் கட்டியிருந்தது. அதில் ஒரு பெண் அவித்த இறாலைப் பையில் அள்ளி விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் இந்நேரம் நூறு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே வாங்க வந்தவர்கள் பனியில் கோயில் வரிசைபோல நின்றார்கள். நீர் அசையவே இல்லை. ஒரே கடல்தான், இங்கிருந்து சுற்றிச் சுற்றி எங்கள் கரைக்கும் குருநகர்க்கரைக்கும் வருகிறது என்ற நினைப்பு கனவில் யாரோ சொன்னதுபோல வந்தது.

வழியனுப்பக் கூட வந்திருந்த அன்ரன் அண்ணையிடம் அவர் தம்பியின் எண்ணைக் கேட்டேன்.

“என்னத்துக்கு? அவன் நல்லா ஏசுவான், தங்கச்சி.”

“ஏசட்டும்ணே. அப்பாவும் சும்மா இருக்க மாட்டாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எண்ணைத் தந்தார். “கெதியா வா, எயார்போட் ரெயின் போயிடும்.”

இறால் படகுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, விடியும் முன் எழுதி முடித்த பதின்மூன்றாம் அத்தியாயத்தைக் கைபேசியில் வாசித்துப் பதிந்தேன். போத்தல் உடைந்த இடத்தில் குரல் தடுமாறியது. திருத்தாமல் விட்டேன். முடிவில், “அப்பா, மடியப் பத்தி நானும் உங்ககிட்ட பேசணும். நான் வந்த பிறகு இல்ல, இப்பவே” என்று சேர்த்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் மூன்று பேர் மட்டும் இருக்கும் ஒரு குழுவைத் தொடங்கினேன். அப்பா, குருநகரில் வலை இழந்தவர், நான். அதில் முதல் செய்தியாக அந்தப் பதிவை அனுப்பிவிட்டு ரயிலேறினேன்.