கொடிக்குக் கட்டம் இல்லை

மன்னிப்புக் கேட்கும் கம்ப்யூட்டரை நான் நம்புவதில்லை. "மன்னிக்கவும்" என்று திரையில் வந்தால் அடுத்த வரி யார் வயிற்றிலாவது அடிக்கப்போகிறது என்று அர்த்தம். எனக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வரிகளை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

என் கணவர் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. மாற்றல் வந்தபோது அவரோடு நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சிக்னல் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் ஒழுங்காக வரும். அதனால் மீட்டிங்கில் இருக்கிறவர்களுக்கு என் குக்கர் விசில் அத்துப்படி.

அப்போது கம்பெனி எடுத்திருந்த வேலை, மலை மிளகை நேரடியாக வாங்கும் ஒரு கொள்முதல்காரருக்கான வலைத்தளம். விவசாயி தன் நிலத்தையும் கொடிகளையும் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவரிடம் மட்டும்தான் மிளகு வாங்குவார்கள். ஒரு விவசாயிக்கு என்னென்ன இருக்க வேண்டும், ஒரு நிலத்துக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று நிரலுக்குள் எழுதி வைப்பதற்கு மாடல் என்று பெயர். உள்ளே வருகிற விவரம் அந்த மாடலுக்கு ஒத்துவராவிட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அந்தச் சிவப்பு வரிகள் எல்லாம் என் பொறுப்பு. நான் பொறுப்பேற்பதற்கு முன்னால் மென்பொருள் தானாகவே ஒட்டுப்போட்டு எழுதிக்கொண்ட வரிகள்தான் இருந்தன. "விவசாயி செல்லாது" என்று ஒன்று. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சொல்வது போல ஒரு மனுஷனைச் சொல்லியிருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு ரத்தம் கொதித்தது.

என் வரிகள் அன்பானவை அல்ல. பளாரென்று அறைகிற வரிகள். என்ன தப்பு, எந்த இடத்தில் தப்பு, இனி என்ன ஆகாது என்று நேராகச் சொல்வேன். படித்தவர் நின்றுவிட வேண்டும். புரியாமல் அடுத்த பட்டனை அமுக்கிவிடக் கூடாது. என் கணவர்கூட ஒருமுறை திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளை நான்கூட இப்படித் திட்டுறதில்ல" என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்ச் சரிவில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். சாவதற்கு முன்பே வைத்தியச் செலவுக்காகத் தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். ஆனால் அந்த நிலத்தின் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள் அவளும் அவனும் சேர்ந்து நட்டவை. இந்த மலையில் மண் ஒருவருக்கும் அதில் நிற்கும் கொடி இன்னொருவருக்கும் இருப்பது புதிதல்ல. நட்டவர்தான் பறிப்பார். மண்காரருக்கு அறுப்பில் ஒரு படி மிளகு கொடுத்துவிட்டால் போதும். எந்தப் பத்திரத்திலும் இது கிடையாது. யாரும் இதை மீறியதாக நான் கேள்விப்பட்டதும் கிடையாது.

அவளிடம் "யார் கொடிங்க இது?" என்று கேட்டால் ஒரே மூச்சில் இரண்டு பதில் வரும். "மச்சாண்டாரு மண்ணுங்க, எங்க கொடிங்க." மச்சாண்டார் என்றால் புருஷனின் அண்ணன். அவள் மட்டுமல்ல, இங்கே எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். மண்ணுக்குரியவரை முதலில் சொல்வது மரியாதை. அவரைச் சொல்லாமல் கொடியை மட்டும் சொன்னால் திருடிப் பேசுவது போலாம்.

எங்கள் மாடலில் இருந்தது ஒரே ஒரு கட்டம். உரிமையாளர். கொடி எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்துக்காரரேதான் கொடிக்கும் உரிமையாளர் என்று விதி. பட்டாவில் இருக்கும் பெயர் அந்தக் கட்டத்தில் இல்லாவிட்டால் பதிவு ஏறாது.

வலைத்தளம் திறப்பதற்கு முன்பே இதை எங்கள் டீம் லீடிடம் சொன்னேன். நல்ல பையன்தான், என்னைவிட வயதில் சின்னவன், மலையைப் படத்தில் பார்த்திருக்கிறான். கொடிக்குத் தனியாக ஓர் உரிமையாளர் கட்டம் வையுங்கள் என்றேன்.

"மேடம், ஒரு மலையில இருக்கிற பழக்கத்துக்காக மாடலை மாத்த முடியுமா? நாளைக்கு ஏலகிரியில வேற சொல்வாங்க."

"அப்போ பட்டா இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"அதுக்குத்தானே உங்க எர்ரர் மெசேஜ்? நல்லா எழுதிடுங்க."

எழுதினேன். "இந்தக் கொடிகள் நிற்கும் நிலம் உங்கள் பெயரில் இல்லை. இந்தப் பதிவு ஏறாது. வேறு பெயரைப் போடாதீர்கள். அலுவலரை அழையுங்கள்." இதைவிடத் தெளிவாக எனக்குத் தமிழ் வராது.

அவன் அதை மாற்றினான். திறப்பதற்கு முந்தின வாரம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றினான். சிவப்பில் இப்படித் திட்டினால் ஜனங்கள் பயந்து பாதியில் போய்விடுவார்களாம். போகாமல் பிடித்துவைக்கிற மாதிரி இனிமையாக இருக்க வேண்டுமாம். அவன் எழுதி வைத்தது இது: "மன்னிக்கவும்! நில உரிமையாளரின் பெயரைக் கொடுத்துத் தொடருங்கள்." கூடவே ஒரு சிரிக்கும் முகம் வேறு.

பதிவு நாளன்று பள்ளிக்கூட வராண்டாவில் கொள்முதல்காரரின் ஆள் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கீழே நாமக்கல்லில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் எனக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏனுங்க வாத்தியாரூட்டம்மா, ஏறிருச்சுங்க! மொதல்ல செவப்பாத்தான் வந்துச்சு. நெலம் யாருதுன்னு கேட்டுச்சுங்க. மச்சாண்டாரு பேரச் சொன்னேன். அந்தத் தம்பி போட்டுச்சு. பச்சையா டிக் வந்துருச்சுங்க."

அவள் பொய் சொல்லவில்லை, தப்பும் செய்யவில்லை. மண் யாருடையது என்று கேட்டார்கள், சொன்னாள். வழக்கமாகச் சொல்லும் பதிலில் முதல் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் டேப்லெட் நிறைந்துவிட்டது. மறுபாதியை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை.

அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிவை நீக்குவதற்கு வழி இருக்கிறது என்றான். வழி இருந்தது. அதற்கும் ஒரு விதி இருந்தது. பதிவை நீக்க வேண்டுமானால் உரிமையாளர் தன் போனுக்கு வரும் எண்ணைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமையாளர் என்றால், தன் மற்ற நிலத்தை ஏற்கெனவே போன் எண்ணோடு பதிந்திருந்த மச்சாண்டார்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்லாமல் எழுதினால் நான் எழுதுகிற மற்றதையும் நம்ப வேண்டியதில்லை. வெள்ளை வேட்டி, இடுப்பில் போன், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தால் பார்வை அவள் தலைக்கு மேலே போய்விடும். நான் போய்ப் பக்குவமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு மெசேஜ் வந்துருக்குதுங்க. கொடியெல்லாம் என்னுதுன்னு போட்டுருக்குது. நானா கேட்டேன்? அவளே குடுத்தா. குடுத்ததத் திருப்பி வாங்கச் சொல்றீங்களா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். டீம் லீட் போட்ட சிரிக்கும் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

தை பிறந்ததும் மிளகு பறிக்க மூங்கில் ஏணியோடு ஆட்களை இறக்கினார். அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டாள். ஊர் கூடியது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். போனில் இருப்பதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாராவது படித்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன். படித்தேன். "வாழ்த்துகள்! உங்கள் கொடிகள் வெற்றிகரமாகப் பதிவாகிவிட்டன." பேர் மச்சாண்டார் பேர்.

"இந்தப் பேர யாரு குடுத்தது?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"நாந்தானுங்க. கேட்டாங்க, குடுத்தேன்."

"பத்துப் பேரு முன்னால குடுத்தியா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் இருந்தாங்களுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். அது மண்ணுக்கான பெயர், கொடிக்கான பெயர் இல்லை, அந்தக் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொன்னேன். மாடல், விதி, கட்டம் என்று என்னென்னவோ சொன்னேன். ஊர்க்கவுண்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "நம்ம நாட்டுல வாயால குடுத்தது குடுத்ததுதான் சாமி. எழுதி வாங்குனதுகூட அதுக்குப் பொறகுதான்" என்றார். கொடி நட்டவருக்கே என்று இத்தனை காலம் அவளுக்குக் காவல் நின்ற அதே ஊர் வழக்கம், அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதற்காக அவளையே கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷ மிளகு முழுவதும் மச்சாண்டார் களத்தில் காய்ந்தது. மண்காரருக்கு அவள் வருஷாவருஷம் கொடுத்த ஒரு படியைக்கூட அவர் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி லோடு ஏற்றும் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். டீம் லீடுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைத்தது. பாதியில் விட்டுப்போகிறவர்கள் ரொம்பக் குறைந்துவிட்டார்களாம். மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மூடுபனி முழுக்க விலகுவதற்கு முன்னால், அவள் கையில் கொடுவாளோடு சரிவிலிருந்து ஏறி வருவதைச் சமையலறை ஜன்னலில் பார்த்தேன். விறகுக்குப் போனவள் விறகு இல்லாமல் வந்தாள். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

கொடி உடனே காட்டிக்கொடுக்காது. தூரில் வெட்டினாலும் மேலே கொஞ்ச நாள் பச்சையாகவே இருக்கும். கார்த்திகையில் இலை வெளுத்தது. பிறகு காய் பிடித்த சரங்கள் முதிராமலே கருகித் தொங்கின. அப்போதுதான் மச்சாண்டார் குனிந்து தூரைப் பார்த்தார். ஒரு கொடியும் மிச்சமில்லை. கத்திக்கொண்டு ஊர்க்கவுண்டரிடம் ஓடினார். "பாத்தவங்க யாரு?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர். யாரும் இல்லை. "உங்கொடிய நீதானப்பா காவக் காத்துருக்கோணும்" என்று சொல்லி எழுந்துவிட்டாராம்.

தை மாதம் மச்சாண்டார் பைக்கில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். போனை நீட்டினார். கொள்முதல்காரர் வருஷ விளைச்சலைக் கேட்டிருந்தார். அதைப் போட்டு முடித்தால்தான் அவருடைய மற்ற நிலத்து மிளகை எடுப்பார்கள்.

"ஒண்ணுமில்லன்னு போட்டா செவப்பா வருதுங்க. என்னான்னு பாருங்க."

பார்த்தேன். நான் எழுதிய வரி. டீம் லீட் கை வைக்காமல் விட்ட வரி. சத்தமாகவே படித்தேன். "விளைச்சல் பூஜ்ஜியமாக இருக்க முடியாது. உங்கள் கொடிகள் என்ன ஆயின?"

"அந்தக் கொடிய எடுத்துருங்க. பதிவே வேண்டாம்."

"அறுப்பு நேரத்துல பதிவ நீக்க முடியாதுங்க. அப்படி ஒரு விதி இருக்குது."

"பொய்யா எதையாச்சும் போட்டா?"

"மிளகக் கேட்டு வருவாங்க. எங்க இருந்து குடுப்பீங்க?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவள் மாதிரி மறைக்க மாட்டேன். அன்றைக்கு ராகிக் களி எனக்கு ஒரு வாய் அதிகமாகவே இறங்கியது.

மறுநாள் கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வந்த அவள், மண் ஒட்டிய காலோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"மச்சாண்டாரு போனுல செவப்பா வந்துச்சாமா? என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தான் அங்க ஒண்ணுமே இல்லீங்களே. இப்பவாச்சும் அந்தக் கட்டத்துல எம்பேரு ஏறுமுங்களா?"

எந்தப் பிழைக்கும் ஒரு வரி வைத்திருக்கிறவள் நான். இதற்கு எழுதி வைத்திருந்த வரியும் எனக்கு மனப்பாடம்தான்: குறைந்தது ஒரு கொடியாவது இருக்க வேண்டும். "இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"செரிங்க," என்றாள். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.