குவைத்தில் ஒரு ஆடிச்சுற்று

அன்றைக்கு அவர் வீடு திரும்பவில்லை.

1982, ஆடி மாதம். கல்யாணமாகிக் குவைத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் முருகையாவுக்குக் கட்டிட வேலையில் மின்சார ஃபோர்மேன் உத்தியோகம். காலையில் மெயின்ரோட்டு முனையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்; பொழுது சாய அங்கேயே இறக்கிவிடும். அது எந்தக் கம்பெனி, எந்தத் திசை, எதுவும் எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு அறை. அவர் துணையில்லாமல் நான் படி இறங்கியதில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். சங்கரன்கோவில் ரதவீதி முழுக்க வாயாடித் திரிந்தவளுக்குப் பேச ஒரு முகம் இல்லையென்றால் எப்படி இருக்கும்!

விடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமே என்பீர்கள். தட்டி, எந்த பாஷையில் என்ன சொல்ல? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஊரில் என்னை ஏனென்று கேட்க நாதியில்லை.

அப்போதுதான் நினைப்பு வந்தது. ஊரில் ஆடித் தபசுக்குக் கொடியேறியிருக்கும். கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் யார் கால் சும்மா இருக்கும்? ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதி அம்மனின் கால்வலியில் பங்கெடுக்கக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவோம். அதுதான் ஆடிச்சுற்று. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து சுற்றுகிறவள். அம்மன் படத்தைச் சமையல் மேடையில் வைத்தேன். "தாயே, அவுகளக் கண்ணுல காட்டு. ஒன் சுத்த இங்கனயே சுத்துதேன்" என்று அழுதுவிட்டுக் கீழே இறங்கி, அந்தக் கட்டிடத்தையே சுற்ற ஆரம்பித்தேன். புத்தியுள்ளவள் போலீசைத் தேடிப் போயிருப்பாள். என் காலுக்குத் தெரிந்த வழி அதுதான்.

வெறுங்காலோடுதான் நடந்தேன். சுற்றுக்கு ஏது செருப்பு? விடிந்து கொஞ்ச நேரத்திலேயே அந்த ஊர்த் தரை தோசைக்கல்லாகிவிடும். கால் பொத்துப்போயிற்று. அழுகையும் நிற்கவில்லை. பார்த்தவர்கள் விலகிப் போனார்கள்.

தரைத்தளத்தில் குடியிருந்த ஒரு அரபு அம்மா கறுப்பு அங்கியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தார். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். நேர்ந்துகொண்ட சுற்றாயிற்றே! அவர் விடவில்லை. ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டே எதிரே மளிகைக் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரரைக் கூப்பிட்டார்.

அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். "மாப்பிள்ளை அடிச்சோ? செருப்புகூட போட விடாம தொரத்தி விட்டுட்டான்னு இந்த உம்மா கெடந்து கொதிக்குது" என்றார்.

"ஐயோ அண்ணாச்சி, அவுக அடிக்கதாவது! அவுகளையே காணலியே. நேத்துப் போன மனுசன் இன்னும் வரல" என்று அங்கேயே உட்கார்ந்து கதறிவிட்டேன்.

அவர் அதை அரபியில் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. மகனை எழுப்பிக் காரை எடுக்கச் சொன்னார். என்னையும் கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அப்படி யாரும் இல்லை என்றபோது அது நிம்மதியா பயமா என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு வார்டில் என் கணவர் கிடந்தார். முந்தின நாள் வெயிலில் சுருண்டு விழுந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்களுக்கு எங்கள் வீடு தெரியாது.

"ஏட்டி, எனக்கு ஒண்ணுமில்ல. நீ தனியா என்ன பாடு படுதியோன்னுதான் உசுரு துடிச்சிச்சு" என்றார். பாஷை புரியாமலே அந்த அம்மாவும் அழுதார்.

அதற்குப் பிறகு அந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. அந்த அம்மா வீட்டில் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டேன். என் ரசம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தனியாகக் கடைக்குப் போய் அரபியில் பேரம் பேசினேன். "அல்லாதான் உன்னை என் கண்ணில் காட்டினார்" என்பார் அவர். கோமதிதான் உங்களை அனுப்பினாள் என்பேன் நான். சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர்க்காரிக்கு இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

அம்மனை நம்புகிறவர்களே, கஷ்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழாதீர்கள். அவள் பேரைச் சொல்லி வெளியே இறங்குங்கள். அறைக்குள்ளேயே இருந்து கும்பிட்டிருந்தாலும் அம்மன் கேட்டிருப்பாள்தான். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்திருக்க மாட்டாரே.