எதிர்க்கொட்டு

ஆப்பிரிக்கத் தாளம், ஹெய்டித் தீவுத் தாளம் என்று பிற்காலத்தில் நான் இசைத்தட்டுகளைத் தேடி அலைந்ததற்குப் பெரிய ஞானம் எதுவும் காரணமில்லை. மண்ணெண்ணெய் டப்பாதான் காரணம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில், மதராஸில் நான் ஜாஸ் டிரம் வாசித்த ஓட்டலை மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான சித்தூருக்கே திரும்பினேன். மிஷன் பள்ளியில் குமாஸ்தா வேலை; எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். சண்டை முடிந்ததும் பர்மாவிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குத் திருப்பதிக்கு அப்பால் வடமாலபேட்டைப் பக்கம் முகாம் போட்டார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் விருந்தில் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். துரைமார்களையே ஆடவைத்தவன் என்ற திமிரோடு போனேன்.

வாசித்து முடித்ததும் நெட்டையான சிப்பாய் ஒருவன் இங்கிலீஷில் கேட்டான்: "கை நல்லா ஓடுது. ஆனா ஏன் தனியாவே பேசிக்கினு இருக்கே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவன் ஒரு காலி மண்ணெண்ணெய் டப்பாவைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினான். இன்னொன்றைத் தான் வைத்துக்கொண்டான். அவன் விடும் இடைவெளியில் நான் தட்ட வேண்டும், நான் விடுவதில் அவன். இரண்டும் சேர்ந்தால்தான் தாளம். அரைமணி நேரம் தடுமாறினேன். பிடிபட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

"உன் ஜாஸ் எங்க வூட்டுப் புள்ளதான்" என்றான். "எங்க ஆளுங்கள அடிமையா கப்பல்ல ஏத்தி வித்துட்டாங்க. ஹெய்டித் தீவுல எறங்கினவங்க இன்னும் இத மறக்கலயாம்."

அதற்குப்பின் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் திருப்பதியில் பஸ் மாறி அவனிடம் ஓடினேன். பர்மா காட்டில் பிடித்த காய்ச்சல் அவனை விட்டபாடில்லை. அந்த நிலையிலேயே ஊர் திரும்பக் கப்பல் உத்தரவு வந்தது. போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொன்னான். பிறகு, "உன் பங்க மட்டும் தனியா வாசிக்காதே. உயிரோட இருந்தா என்னால வரமுடியாது. செத்துட்டேன்னா வந்து என் பங்கத் தட்டுவேன்" என்றான். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

மூன்று மாதமாகியும் கடிதம் வரவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடினேன். அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. தனியாக வாசித்தும் அவன் வராவிட்டால், உயிரோடிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? சபையில் தெரிந்தால் செத்தவர்களிடம் குறிகேட்கிறவன் என்று துரத்தியிருப்பார்கள். ஒரு மத்தியானம் டப்பாவைக் கவிழ்த்து என் பங்கை வாசித்தேன். தாளக்காரன் காதை நம்ப முடியாது, இல்லாததையும் நிரப்பிக்கொள்ளும். அதனால் அடுப்பங்கரையிலிருந்த மனைவியைக் கேட்டேன்.

"ஒண்ணு கேக்குதா, ரெண்டு கேக்குதா?"

"இன்னா கேள்வி இது? ஒண்ணுதான். சோறு ஆறுது, வந்து துன்னுங்க."

அப்பாடா! அன்று வயிறாரச் சாப்பிட்டேன். பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். இந்த மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

மாங்காய்க் காலம் முடியும் சமயம், ஒரு நாள் வாசிப்பை நிறுத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். அவள் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு எதிரே இருந்த வெறும் தரையைப் பார்த்தாள்.

"யாருங்க வந்துகீறது?"

"யாருமில்லையே."

"வெளையாடாதீங்க. ரெண்டு பேரு தட்டிக்கினு இருந்தீங்க." குரல் இறங்கியது. "நீங்க நிறுத்திட்டீங்க. இன்னொண்ணு இன்னும் நிக்கலயே."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக ஒன்றுமே கேட்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அத்தனை கடல் தாண்டி வந்தவன் எனக்கெதிரே தனியாகத் தட்டிக்கொண்டிருந்தான். நான் செவிடனாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் பின்னால் வந்து, காதில் விழுவதை அப்படியே என் தோளில் விரலால் தட்டினாள். அவள் அந்த முகாமுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் அது அவனுடைய பங்குதான், ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

"காத்துக்கினு கீறாரு" என்றாள். "வாசிங்க."

அழுதுகொண்டே இடைவெளி பார்த்துத் தட்டினேன்.