எண்ணெய் காத்திருந்த தீபாவளி

அக்காவின் தலை தீபாவளி விடியலில் காளிகாட் வீட்டு முற்றத்தில் அப்பா, அம்மா, அக்கா, அத்திம்பேர், நான் எல்லோரும் இருந்தோம். இல்லாதது எண்ணெய்க் கிண்ணம் ஒன்றுதான். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு அந்த வெண்கலக் கிண்ணம் அடுத்த வீட்டு வங்காளி அக்கா, எங்களுக்குத் தீதி, அவள் சமையலறையில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரப் பிராணவாயு சிலிண்டர் நின்றது. சுரங்கத்து விஷக் காற்றுக்குள் போய் ஆட்களை மீட்பவர்கள் கட்டிக்கொள்ளும் சுவாசக் கருவியை விற்கிற கம்பெனியில் அத்திம்பேருக்கு உத்தியோகம். நானும் அங்கேதான் குமாஸ்தா. விட்ட மூச்சையே சுத்தம் செய்து, முதுகிலுள்ள சின்ன சிலிண்டரிலிருந்து கொஞ்சம் பிராணவாயு சேர்த்து, திரும்பக் கொடுக்கும் கருவி அது. அன்று மத்தியானம் நிலக்கரிச் சுரங்கத்து துரைக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் அத்திம்பேரின் வேலை நிரந்தரம். காளி பூஜைக்குக் கிடங்கை அடைத்துவிட்டதால், பெரிய சிலிண்டரை வீட்டுக்கே கொண்டுவந்து அதிலிருந்து சின்னதை நிரப்ப வேண்டியதாயிற்று. கூட வந்த இங்கிலீஷ் காகிதமோ, எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீப்பிடித்து வெடிக்கும் என்றது.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெஸ்ஸில் சமைத்து என்னைப் படிக்கவைத்த அப்பா, நான் வாசித்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். தலை தீபாவளியன்று மாப்பிள்ளை எண்ணெய் இல்லாமல் இருப்பதா என்று அம்மா கண்கலங்கினாள். அக்கா என்னையே கேட்டாள்.

"இதுக்குத்தான் இங்கிலீஷ் படிச்சியாடா? என் ஆத்துக்காரர் தலையில எண்ணெய் வைக்காதேன்னு சொல்ல?"

அத்திம்பேர் சீயக்காயால் கையை அழுந்தக் கழுவிவிட்டு, செப்புக் குழாயைப் பொருத்தி, திருகை மெள்ளத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு சின்ன சிலிண்டருக்குள் இறங்கியது. "பொழுது சாயறதுக்குள்ள வெச்சா போறாதா?" என்றார்.

அக்கா அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டு, தீதியிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, எங்களோடு புறப்பட்டுவிட்டாள்.

ரயிலில் பெரிய சிலிண்டர் கார்டு வண்டியிலும், கருவி எங்கள் பெட்டியிலும், அக்காவும் கிண்ணமும் பெண்கள் பெட்டியிலுமாகப் போனோம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஜன்னல் வழியே கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, அந்தப் பக்கம் வரட்டுமா என்று என்னை மிரட்டினாள்.

சுரங்கத்தில், சோதனைக்கென்றே புகை அடைத்த கொட்டகைக்குள் அத்திம்பேர் கருவியோடு வெகுநேரம் இருந்துவிட்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் வெளியே வந்தார். துரைக்குக் குஷி பிறந்து, தானும் போட்டுப் பார்ப்பேன் என்றார். சின்ன சிலிண்டரோ காலி. மறுபடி சீயக்காய், மறுபடி செப்புக் குழாய். இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தபடி, எட்டத்தில் ஒரு கரிக் குவியலுக்குப் பக்கத்தில் அக்கா கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் துரை கரி முகத்தோடு வெளியே வந்து அத்திம்பேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டின சத்தத்துக்கே அக்கா எழுந்துவிட்டாள்.

பாயிலர் கொட்டகையின் பின்னால், பாயிலர்காரன் கொடுத்த வெந்நீர் வாளிகளுக்குப் பக்கத்தில், மேற்கே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, அத்திம்பேரின் உச்சந்தலையில் எண்ணெய் இறங்கியது.

"வேலை நிலைச்சுடுத்துடி."

"பேசாதேங்கோ. எண்ணெய் வாய்க்குள்ள போறது."

ராத்திரி வீடு சேர்ந்ததும் அப்பா கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டார். "ஆச்சு மாமா, பாயிலர் கங்கையில" என்றார் அத்திம்பேர்.

இப்போது கம்பெனியில் சிலிண்டர் நிரப்பத் தனி அறை உண்டு. எண்ணெய் கூடாது என்ற பலகை நான் எழுதியது. பாலிகஞ்சில் அக்கா வீட்டில், விடியுமுன்பே அதே வெண்கலக் கிண்ணம் மணைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பாயிலர்காரன் இரண்டு வாளி வெந்நீருக்கு வாங்கின காசைச் சொல்லி அக்கா இன்றும் அங்கலாய்க்கிறாள்: எட்டணா.