ராத்தாவின் கண்டுபிடிப்பை என்னுடையது என்றேன்

"நானே யோசித்துச் செய்தேன்" என்று ஏன் எழுதினேன்?

எழுதியது நான்தான். என் கூடப்பிறந்த அக்கா கண்டுபிடித்த ஒன்றை, முகம் தெரியாத பெண்கள் நடுவே என் சொந்த யோசனை என்று சொன்னேன். அதனால் அவளுடைய காப்புரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போது கொழும்பில் மேன்முறையீடு நடக்கிறது. அதற்கு உதவக்கூடிய உண்மை எனக்குத் தெரியும். இருந்தும் பேசாமல் இருக்கிறேன்.

நான் கெட்டவள் என்று நீங்கள் இப்போதே முடிவு செய்யலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கல்முனைக்குடியில் எங்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்வீட்டை வாப்பா மூத்த மகளுக்குக் கட்டிக் கொடுத்தார், பின்வீட்டை எனக்கு. அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள் அவள். உள்ளாடைகளுக்கு இலாஸ்டிக் வைக்கும் பகுதியில் மேற்பார்வையாளராகும் வரை உயர்ந்தாள். நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தவள். எனக்கு ஹனீன் என்று ஒரு மகள். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை.

ஹனீன் தவழத் தொடங்கிய காலத்தில் அவளுடைய தொடை மடிப்பெல்லாம் புண். டயபரின் கால் ஓரத்தில் இருக்கும் இலாஸ்டிக் அறுத்து அறுத்து, சிவந்து, தோல் உரிந்துவிட்டது. எங்கள் ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியும். கடற்காற்று வந்தாலும் அதில் உப்பும் பிசுபிசுப்பும்தான். தளர்த்திக் கட்டினால் ஒழுகும். இறுக்கிக் கட்டினால் புண். நான் அழுதேன். பிள்ளையை விட நான்தான் அதிகம் அழுதேன்.

இணையத்தில் தாய்மார் குழு ஒன்றில் கேட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரைப் போல நானும் அங்கே சொந்தப் பெயரில் இல்லை. புனைபெயரும் ஒரு பூவின் படமும்தான். பதில்கள் வந்தன.

"டயபர் கட்டுறது புள்ளைக்கா, உங்கட சோம்பலுக்கா?" என்று ஒருத்தி.

"கழுவ ஏலாட்டி ஏன் பெத்தீங்க?" என்று இன்னொருத்தி.

நான் கழுவுகிறவள்தான். துணியும் கட்டிப் பார்த்தேன். அதையெல்லாம் எழுதி எழுதி அழித்தேன்... ஒன்றையும் அனுப்பவில்லை. அந்த இரண்டு வரிகளும் பல நாள் என் தலைக்குள் சுற்றின. சோறு வடிக்கும்போதும் தொழுகையில் நிற்கும்போதும் அவைதான்.

புண்ணைப் பார்த்த ராத்தா என்னைத் திட்டவில்லை. கழற்றிப்போட்ட டயபரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இதச் செஞ்சவன்ட தொடையில இதக் கட்டணும்," என்றாள். "மூணு ரப்பர் நூல நேரா இழுத்து, நீட்டுக்குப் பசை பூசி ஒட்டியிருக்கான். எல்லாப் பக்கமும் ஒரே இழுவை. புள்ளைட தொடை என்ன போத்தலா புள்ள? முன்னுக்கு மடியும், பின்னுக்கு விரியும். ரப்பரும் அப்படி இழுக்கணும்."

அதற்குப் பிறகு முன்வீட்டு அறை பட்டறையாகிவிட்டது. நூலுக்குப் பதிலாக மெல்லிய ரப்பர்த் தாளை எடுத்தாள். அதை இரண்டு துணிப் படைகளுக்கு நடுவே வைத்தாள். பசையைக் கோடாகப் பூசாமல் புள்ளி புள்ளியாக வைத்தாள். பின்பக்கம் கூடுதலாக இழுத்தும் முன்பக்கம் குறைவாக இழுத்தும் ஒட்டினாள். விட்டதும் அது சட்டைச் சுருக்கம் போலச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கியது. மடிப்புகளுக்கு இடையில் காற்று போனது. எத்தனையோ சரிவராமல் போயின. செய்த ஒவ்வொன்றையும் தன் முழங்கைக்கு மாட்டிக்கொண்டு சமைத்தாள், "எனக்குத் தடம் விழுந்தா புள்ளைக்கும் விழும்" என்று.

கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது. ஹனீனுக்குக் கட்டினோம். ஒழுகவில்லை. சில நாளில் புண் காய்ந்தது.

ராத்தா அடக்கமானவள் அல்ல. அதை நான் அவளுக்குக் குறையாகச் சொல்லவில்லை. "கொழும்புக் கடையெல்லாம் என்ட டயபர்தான் இரிக்கும், பாரு," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் புள்ள இல்ல. என்ட பேரச் செல்ல இது ஒண்டாவது இரிக்கட்டும். பதிவுக்குப் போடுற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாத. உம்மாட்டயும் கதைக்காத. உம்மாட்டச் செல்லுறதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கில செல்லுறதும் ஒண்டுதான்."

"ஓம் ராத்தா," என்றேன்.

ஓம் என்றேன்.

பிறகு ஒரு நாள் அதே குழுவில் வேறொரு தாய் அதே புண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவளையும் அதே பெண்கள் குத்தத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு உதவ நினைத்தேனா? அவர்களுக்குப் பாடம் புகட்ட நினைத்தேனா? இரண்டும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை எது என்று எனக்கே தெரியவில்லை.

ரப்பர்த் தாள், இரண்டு படை, புள்ளிப் பசை, பின்பக்க இழுவை எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். படம் எடுத்துப் போடவில்லை. எங்கள் கட்டில் விரிப்பையோ ராத்தாவின் கைவேலையையோ யாராவது இனங்கண்டுவிடலாம். அதனால் உயிரியல் பாடத்தில் கீறுவது போல ஒரு வரைபடம் கீறி, இலக்கமிட்டுப் போட்டேன். மறைக்கத் தெரிந்தவளுக்குத் தான் செய்வது பிழை என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஒருத்தி கேட்டாள்: "இது ஆர்ட ஐடியா?"

அப்போதுதான் அந்த வரியை எழுதினேன். 'என் ராத்தாவுடையது' என்று எழுத அவ்வளவு நேரம்கூடத் தேவைப்பட்டிருக்காது. "மாஷா அல்லாஹ், நீங்கதான் தாய்," என்று பதில் வந்தது. என்னைக் குத்திய அதே பெண்ணே அதற்கு இதயக்குறி இட்டிருந்தாள்.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

சில மாதங்கள் கழித்து ராத்தா விண்ணப்பம் போட்டாள். கொழும்பிலிருக்கும் ஒரு பெண் சட்டத்தரணி உதவினார். டயபர் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனி அதை எதிர்த்தது. இதே முறையைப் பெயர் தெரியாத ஒரு தாய் ஏற்கெனவே பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார், ஆகவே இதில் புதுமை இல்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். அதற்குச் சான்றாக இணையப் பதிவொன்றின் பிரதியை இணைத்திருந்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அந்தப் பிரதியை ராத்தா என்னிடம்தான் கொண்டுவந்தாள். "நீ படிச்சவள், பாத்துச் செல்லு. எங்கடதும் இதும் ஒண்டா?"

என் வரைபடம். என் இலக்கங்கள். என் மடியில் ஹனீன் அந்தத் தாளைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்டு மாதிரித்தான் இரிக்கு ராத்தா," என்றேன்.

அவள் வரைபடத்தின் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வடிவாக் கீறியிருக்காள்," என்றாள். "அவளுக்குப் புள்ளயும் இரிக்கு, மூளையும் இரிக்கு. பெத்தவளுக்குத்தானே முதல்ல விளங்கும். நான் ஆர்ட புள்ளைட தொடையையோ பாத்து..." முடிக்காமல் எழும்பிப் போய்விட்டாள்.

அவள் போனதும் நான் அந்தப் பதிவை அழித்தேன். இது என் இரண்டாவது குற்றம். முதலாவதை விட இதுதான் பெரிது என்று பிறகுதான் விளங்கியது.

ஏனென்றால் மேன்முறையீட்டைப் பற்றிப் பேசச் சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ராத்தா ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள். அவர் சொன்னார்: "இந்தப் பதிவு உங்கட விண்ணப்பத்துக்குச் சில மாசம் முந்தினதுதான். அந்தப் பொம்பிளை தானா யோசிச்சிருந்தா எங்களுக்குக் கஷ்டம். ஆனா உங்களிட்ட இருந்து கேக்காம எடுத்துப் போட்டிருந்தா, அதைக் கணக்கெடுக்க வேண்டாம் எண்டு வாதாட சட்டத்தில கொஞ்சம் இடம் இருக்கு. வெல்லுவம் எண்டு நான் சொல்லேல்ல. ஆள் வந்து சொல்லோணும். இப்ப அந்தப் பதிவையும் காணேல்ல, ஆளையும் காணேல்ல. உங்களுக்கு ஆரிலயும் சந்தேகம் இருக்கா?"

ராத்தா சிரித்தாள். "எங்கயோ கிடக்கிற பொம்புள என்ட ஊட்டுக்கு வந்து களவெடுத்தாளாமா? என்ட ஊட்டுக்குள்ள வாறது என்ட தங்கச்சியும் அவள்ட புள்ளயும்தான் மிஸ். சந்தேகப்படுறதெண்டா புள்ளையிலதான் படணும். அவள்தான் எல்லாத்தையும் வாயில வெக்கிறவள்."

சட்டத்தரணியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டியிருப்பது போல ஓர் அருவருப்பு... முகத்தைக் கழுவினாலும் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சொல்லலாம் என்று முன்வீட்டுக்குப் போவேன். ராத்தா ஹனீனைத் தூக்கிக்கொள்வாள். ஹனீன் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பெரியும்மாவின் தோளில் அவளுக்கு வரும் தூக்கம் என் தோளில் வருவதில்லை. சொன்னால் இது என்னவாகும்? வளவுக்குள் நடுவே வேலி அடிப்பார்களா? ராத்தா அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு மனம். செய்தால் நியாயம்தானே என்று இன்னொரு மனம்.

சொல்லியும் வழக்கு தோற்றால்? அப்போது வழக்கும் போய், நானும் போய், ராத்தாவுக்கு என்ன மிஞ்சும்? இப்படி யோசிக்கும்போது, பேசாமல் இருப்பது அவளுக்குச் செய்யும் உதவி போலவே தோன்றத் தொடங்கிவிடும். எவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறது பாருங்கள்! அவள் மேல் இருக்கும் இரக்கத்தினால்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று என்னையே நம்ப வைத்து, ஒரு முழு நாளைக் கூட ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் எந்த வாதத்தாலும் ஒன்றைக் கடக்க முடியவில்லை. எங்கோ இருக்கும் ஒரு தாய் தன்னை முந்திவிட்டாள் என்று ராத்தா நம்புகிறாள். பிள்ளை பெறாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரில் சிலர் சொன்னபோது காதில் வாங்காமல் நடந்தவள், இப்போது அதைத் தன் வாயாலேயே சொல்கிறாள். பட்டறை அறையில் ரப்பர்த் தாள் சுருள் பிரிக்காமல் கிடக்கிறது. அப்படி ஒரு தாய் இல்லவே இல்லை. நான்தான் இருக்கிறேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. எல்லாம் அவளுக்குத்தான் தோன்றியது.

நேற்று ராத்தா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள். மேன்முறையீட்டுக்குச் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டுமாம். தமிழில் எழுதி அனுப்பினால் சட்டத்தரணி மொழிபெயர்த்துக்கொள்வார். "உன்ட எழுத்துத்தான் வடிவு. நான் செல்லுறன், நீ நல்ல தமிழில எழுது," என்றாள்.

அவள் சொன்னாள், நான் எழுதினேன். ரப்பர்த் தாள், இரண்டு படை, புள்ளிப் பசை... முன்பு ஒருமுறை இதே வரிசையில் எழுதிய கைதான்.

பிறகு அவள் சொன்னாள்: "மறுகா இப்பிடி எழுது. என்ட தங்கச்சியத் தவிர ஒருத்தருக்கும் நான் காட்டல்ல. அவள் ஒருத்தரிட்டயும் செல்லல்ல."

பேனை நின்றது.

"என்ன புள்ள?"

"அத எழுதத்தான் வேணுமா ராத்தா?"

"எழுதாம? சத்தியம் பண்ணுறதெண்டா முழுசாப் பண்ணணும். பொய்ச் சத்தியம் பெரும் பாவம் கா. உள்ளத அப்பிடியே எழுது."

ஹனீனுக்குப் பசிக்கிறது என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். ஹனீன் அப்போதுதான் சாப்பிட்டிருந்தாள்.

அந்தத் தாள் அந்த வசனத்துக்கு முன்னால் நிற்கிறது. அந்த வரியை நான் எழுதினால், தனக்குத் தெரியாத பொய்யில் அல்லாஹ்வின் பெயரால் ராத்தா கையொப்பமிடுவாள். எழுதாவிட்டால், ஏன் என்று கேட்பாள். செவ்வாய்க்கிழமை சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டுவிட்டு, பின்னேரம் கொழும்பு பஸ்ஸில் ஏற அவள் ஆயத்தமாகிறாள்.

வீட்டுக்குள் சொல்ல வேண்டியதை மறுபடியும் பெயரில்லாமல் முகம் தெரியாதவர்களிடம் சொல்கிறேன் என்று எனக்கு விளங்குகிறது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தக் குழுவில் இருந்தவர்களாகவும் இருக்கலாம். திட்டுவதென்றால் திட்டுங்கள். இம்முறை அழிக்கமாட்டேன்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. மன்னிப்பது ராத்தாவின் விருப்பம். அதை எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. எனக்குத் தேவைப்படுவது முதல் வசனம் மட்டும்தான். 'ஹனீனுக்குப் புண் இருந்தபோது' என்று தொடங்கிப் பார்த்தேன், பழியைப் பிள்ளை மேல் போடுகிறேன். 'அந்தக் குழுவில் என்னை ஏசினார்கள்' என்று தொடங்கினேன், அவர்கள் மேல் போடுகிறேன். 'ராத்தா, கோபப்படாதீங்க' என்றால், நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கோபத்தையும் பறித்துக்கொள்கிறேன். சொல்லிப் பார்க்கும் ஒவ்வொரு வசனத்திலும் எனக்கு ஒரு சாக்கு ஒளிந்திருக்கிறது.

உங்களில் யாராவது உங்களை முழுதாக நம்பிய ஒருவரிடம் போய் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு முன் எழுதுங்கள்.